மூச்சைக் காட்டுங்கள்

யாலா ஆற்றைத் தாண்டி
மூன்றாவது சோளக்காடு.
பழைய வலைமேல் ஒமேனா மீன் காய்கிறது.
இறந்து நாற்பது நாள் கழித்தே கேட்கவேண்டும்,
எங்கள் அலுவலக விதி.
துக்கம் நாட்காட்டி பார்க்குமா என்று
விதி எழுதியவரை நான் கேட்டதில்லை.

அக்கேயோ முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.
பையன் பெயர்?
ஓவினோ.
கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்தவன் என்று அர்த்தம்.
எங்கள் லுவோ மொழியில் பிறந்த விதம்தான் பெயர்.
இறந்த விதத்துக்குத்தான்
நான் டேப்லெட்டோடு வரவேண்டியிருக்கிறது.

வயது? பதினோரு மாதம்.
காய்ச்சல்? ஆம்.
எத்தனை நாள்? மூன்று, இல்லை,
சந்தை நாளைச் சேர்த்தால் நாலு.
வலிப்பு? இல்லை.
கொசுவலை? இருந்தது, ஒரு பக்கம் கிழிசல்.
இருமல்?
தலையை மட்டும் அசைத்தாள்.
அசைவுக்குக் கட்டம் கிடையாது,
'ஆம்' என்பதைத் தொட்டேன்.

மூச்சு எப்படி இருந்தது?
வேகமாக.
எவ்வளவு வேகம்? காட்ட முடியுமா?

அவள் கண்ணை மூடினாள்.
உதடு திறந்தது.
விலாவுக்குக் கீழே சதை
உள்ளே போய், உள்ளே போய்,
ஒவ்வொன்றின் முடிவிலும் சின்னதாக ஒரு முனகல்.
அது அவள் குரல் இல்லை.
நான் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்.
நிமிடம் முடிந்தது.
போதும் என்று சொல்லவேண்டியவள் நான்.
சொல்லவில்லை.
சொன்னால்
மறுபடி நின்றுவிடுமே.

பக்கத்து வீட்டு அப்போண்டி ஓடிவந்து
தோளை உலுக்கிய பிறகுதான் கண் திறந்தாள்.

மிச்சம் நாற்பது கேள்விகள்.
மோட்டார் சைக்கிள்காரன் முந்நூறு ஷில்லிங் கேட்டது,
ஆற்றில் தண்ணீர் வடியக் காத்திருந்த ஒரு பகல்,
மருந்தகத்தில் தொங்கிய பூட்டு,
எல்லாவற்றையும் கடைசியில்
'பிற விவரங்கள்' என்ற இடத்தில் அடித்தேன்.
கிசுமுவில் இரண்டு டாக்டர்கள்
தனித்தனி அறையில் படிப்பார்கள்.
ஒத்துப்போனால் ஒரே சொல்.
ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவர்.
அனேகமாக ஒத்துப்போவார்கள்.

கிளம்பும்போது கேட்டாள்:
எத்தனை?
என்ன எத்தனை?
எண்ணினாயே.

அறுபத்தெட்டு என்றேன்.

முறத்தை எடுத்தாள், கீழே வைத்தாள்.
அன்று ராத்திரி நானும் எண்ணினேன்.
இருட்டில், கடிகாரம் இல்லாமல்,
ஒன்று, இரண்டு என்று.
நடுவில் எங்கேயோ
கண்ணயர்ந்துவிட்டேன்.
அதை நீ கேட்கவேயில்லையே.

படிவத்தை அதற்குள்
அனுப்பியிருந்தேன்.