எடைச் சீட்டு

வியாழன் இரவு இறங்கத் தொடங்கிய அப்டேட்
பீடோர் மழையில் நொண்டி நொண்டி
விடிகாலை நாலரைக்குத்தான் முடிந்தது.
வெள்ளி மாலை, டோபிக் கடை மாடியறையில்
முதலில் கத்தியவன் கோகிலன்:
"காடி திரும்பல லா!
சவக்காரத்து மேல ஏத்தி விட்ட மாதிரி போவுது."

காடி நன்றாகத்தான் திரும்புகிறது,
நீதான் தாமதம் என்றான் நவீந்திரன்.
அடுத்த சுற்றில் அவனும் வேலியில் மோதினான்.
தே ஓ ஐஸ் பொட்டலம் சரிந்து
பாயெல்லாம் ஈரம்.

எனக்கு வேறு ஒன்று பட்டது.
நான் செம்பனை ஆலை வாசலில்
எடைமேடை கிராணி.
குலை ஏற்றிய லோரி மேடையில் ஏறினால்
எண் நிலைக்கும் முன்பு ஒரு நடுக்கம் வரும்.
அதை வைத்தே சொல்லிவிடுவேன்
அடியில் கிடப்பது மணலா, மழைத்தண்ணியா.
மூன்றாவது வளைவில்
காடிக்கு அந்த நடுக்கம் வந்திருந்தது.
பின்சீட்டில் யாரோ
சொல்லாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

"கனத்துப் போச்சு," என்றேன்.
"எத்தன கிலோக்கா?"
"எண்பது."
சிரித்தார்கள். சும்மாதான் சொன்னேன்.
ஆனால் எழுபத்தைந்து என்று சொல்ல
வாய் வரவில்லை.

பிறகு சோதனை.
ஒரே தடம், ஒரே காடி,
பழைய கன்ட்ரோலர் ஒரு முறை,
ஈப்போவில் வாங்கிய புதுசு ஒரு முறை.
கன்ட்ரோலர் மேல் பழி இல்லை.
குச்சியைத் தள்ளினால்
ஓர் அரிசிமணி தூரத்துக்கு ஒன்றும் நடப்பதில்லை,
அப்புறம் எல்லாம் ஒரேயடியாய் நடக்கிறது.
"நம்ம மேனேஜர் மாதிரி,"
என்றான் நவீந்திரன்.

சற்குணன் இன்னும் ஆடவில்லை.
கன்ட்ரோலரை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான்.
அவனுடைய இடது கையில்
ஆள்காட்டியும் நடுவிரலும் இல்லை;
ஆலையின் கன்வேயர்,
தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு.
பிரேக்கை வலது கட்டைவிரலுக்கு மாற்றி
கியரை இடது கட்டைவிரலுக்குக் கொடுத்து
ஏழு வாரம் பழகி
எங்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தான்.

அப்டேட் அதைத் துடைத்துவிட்டது.
எல்லாருக்கும் பத்து விரல் என்று
முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.
முதல் வளைவுக்கு முன்னால்
தோள் லேசாகக் குனிந்தது.
காடி நிற்காமல் நேரே சரளைக்கல்லுக்குள் போனது.
"பழைய வெரல் அமுக்கிருச்சு," என்றான்.
"போனது அதுக்கு இன்னும் தெரியல போல."
யாரும் சிரிக்காததால்
அவனே சிரித்தான்.

எந்தப் பொத்தானில் எதை வைத்தாய் என்று கேட்டேன்.
தெரியாதாம். அவனுக்கு அது பெயராக இல்லை.
கன்ட்ரோலரை அணைத்துக் கையில் கொடுத்தோம்.
"மனசுல ஓட்டு," என்றான் கோகிலன்.
கண்ணை மூடினான்.
கீழே துணி இயந்திரம் கடகடவென்று சுற்ற
அந்த இருட்டுத் தடத்தில் அவன் போனான்.
நான் கட்டைவிரல்களையே பார்த்து
பையிலிருந்த எடைச் சீட்டின் பின்புறத்தில்
குறித்துக்கொண்டே வந்தேன்:
இது பிரேக், இது கியர்,
இது எங்களுக்கெல்லாம் ஹாரன்,
இவனுக்குக் கண்ணாடி.
பதினொன்றாவது வளைவில்
விரல் ஒரு கணம் தயங்கியது.
அங்கே தடத்தில் ஒரு மேடு இருக்கிறது,
எனக்குத் தெரியும்.

மெனுவெல்லாம் இடம் மாறிக் கிடந்தது.
சீட்டைப் பார்த்துப் பார்த்து
ஒன்றொன்றாகத் திருப்பி வைக்க
மணி பத்தரை ஆகிவிட்டது.
சீட்டின் முன்பக்கத்தில்
பன்னிரண்டு டன் நானூறு,
திங்கட்கிழமை நான் கணக்குச் சொல்லவேண்டியது.

சற்குணன் மறுபடி கிளம்பினான்.
முதல் வளைவு, பிரேக் பிடித்தது.
இரண்டாவது, கியர் இறங்கியது.
நாங்கள் மூன்று பேரும்
பாயின் ஈரத்தை மறந்து முன்னால் நகர்ந்தோம்.
மூன்றாவது வளைவில்
பின்பக்கம் மெல்ல விலகி, விலகி,
வேலியில் உரசியபோது
தலையைத் தூக்கி
கீழே டோபிக்காரருக்கும் கேட்கும்படி
அவனும் கத்தினான்:

"டேய், காடி திரும்பல லா!"