மூடி

"பார்த்தா வருத்தக்காரி மாதிரியே இல்லியே கா" என்றாய்
கலியாண வீட்டுச் சஹனைச் சுற்றி நாம் ஆறு பேர்.
சோற்றைக் கூட்டிப் பிடிக்க என் விரல்கள் வரவில்லை.
பசியில்லை என்றேன்.
ஜெஸ்மிலா, எனக்கு நல்ல பசி.

நிந்தவூரில் சுபஹு பாங்கு கேட்கும்போது
நான் முழித்துத்தான் கிடப்பேன்.
விரல்கள் முழிக்க ஏழரை ஆகும்.
அதுவரை அவை
அயல்வீட்டார் விட்டுவிட்டுப் போன பிள்ளைகள்:
கூப்பிட்டால் வராது,
தொட்டால் அழும்.

வியாழன் சந்தைக்கு நடந்து போனேன்.
வெள்ளி கக்கூசுக்குப் பிடித்துக்கொண்டு போனேன்.
இரண்டும் உண்மை.
இதில் எது நடிப்பு என்று கேட்கிறா
என்னைப் பெத்த உம்மா.

கட்டாரிலிருந்து தம்பி கருஞ்சீரக வீடியோ அனுப்புகிறான்.
சம்மாந்துறையில் ஒருவர் ஓதிப் பார்ப்பாராம்.
போனேன். ஓதிய தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தது,
குடித்தேன்.
அதே தண்ணீரில் கல்முனைக் கிளினிக் மாத்திரையையும்
விழுங்கினேன்.
அது கிழமைக்கு ஒரு நாள் மாத்திரை,
மறுநாள் முழுக்க வயிற்றைப் பிரட்டும்.
"இன்னும் சுகமாகல்லியா?"
இல்லை. இது சுகமாகிற சாதியில்லை.
கூட வாழ்கிற சாதி.

இவருக்கும் விளங்கப்படுத்தத் தெரியாது.
நோயின் பெயரை இன்னும் பிழையாகத்தான் சொல்வார்.
நெல் லொறிக்கு விடிய நாலு மணிக்கே போய்விடுவார்.
ஒரு நாள் மல்லித்தூள் போத்தலை
பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தேன்;
மூடி சும்மா மேலே இருந்தது.
மிளகாய்த்தூள், அதுவும்.
உப்புப் போட்டு வைத்த பழைய ஹோர்லிக்ஸ் போத்தல்,
ஷாம்பு, தண்ணீர்ப் போத்தல், மருந்துப் போத்தல்.
வீடு முழுக்கத் திரிந்து பார்த்தேன்,
ஒரு மூடியும் இறுகியில்லை.

மறுகா ஒரு நாள்
தேங்காயெண்ணெய் கவிண்டு குசினியெல்லாம் ஓடிற்று.
"எந்தக் கண் கெட்டது இத மூடாம வச்ச?" என்று
உம்மா சுவருக்கு ஏசினா.
இவர் சாக்கை எடுத்துவந்து
குந்தியிருந்து துடைத்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
அடுத்த நாள் எண்ணெய்ப் போத்தல் மட்டும்
ஒரு சட்டிக்குள் நின்றது,
மூடி முன்போலவே.

உனக்கு என்னத்தைச் சொல்ல?
பெருநாளைக்கு நீ தந்த அச்சாறு
அலுமாரி மேல்தட்டில் இருக்கிறது,
இவர் கண்ணில் படாமல்.
நீ நல்ல பலமாக இறுக்கியிருக்கிறாய் புள்ள.
வந்து திறந்து தா.
சொல்லிவிட்டு வரத் தேவையில்லை,
என்ன நாள் என்று எனக்கே தெரியாது.
படுத்திருந்தால் எழும்ப மாட்டேன்.
கதவும் சும்மா சாத்தித்தான் இருக்கும்.