மணலுக்குக் கட்டம் இல்லை

எட்டு இஞ்சின்கள் வந்தன.
காகிதத்தில் அவற்றுக்கு ஓர் எழுத்து, ஓர் எண்.
மதுரை ஷெட்டில் ஒரே நாளில் வைத்த பேர்
செக்கு.
எண்ணெயும் ஆவியுமாய் இரைந்துகொண்டு நிற்பதை
வேறென்ன சொல்ல?

கல்கத்தாவிலிருந்து கப்பல் ஏறி வரும் கரிக்கு
கூலி கூடிப்போனதென்று கம்பெனிக்கு வருத்தம்.
கரிக்கணக்கு எழுதிப் படுத்த நான்
எண்ணெய்க் கணக்கனாய் எழுந்தேன்.
அதே மேஜை, அதே மசிக்கூடு.
டன் போய் கேலன்.

ஃபயர்மேன் அருளப்பனின் மண்வெட்டி
சுவரில் சாய்ந்தது.
இப்போது அவன் கையில் ஒரு திருகு.
அரைச் சுற்றுத் திறந்தால் ஆவி பீய்ச்சி
எண்ணெய் பனியாகிப் பற்றுகிறது.
கால் சுற்று மூடினால் தீ முனகுகிறது.
"கை சும்மா இருக்கு கணக்குப்பிள்ளை,
ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது."

சாம்பல் குழியில் மழைத் தண்ணீர்.
அதில் ஒரு தவளை.

கங்கு பொறுக்குகிற பெண்கள்
மூன்று நாள் வந்து குழியை எட்டிப் பார்த்தார்கள்.
நாலாம் நாள் ஒச்சம்மா மட்டும்,
தலைக்கூடையை இறக்காமல்.
"இது என்னத்தத் திங்குது?"
எண்ணெய்.
"என்னத்தப் பேளுது?"
புகை.
கொஞ்ச நேரம் யோசித்தாள்.
"அத எப்படிக் கூடையில அள்ள?"

புகைக்கும் ஒரு குணம் உண்டு.
குழாய் குழாயாய்ப் பிசுக்குப் படிந்து
ஆவி ஏறாமல் முரண்டியது செக்கு.
அதற்கு டிரைவர் டிகாஸ்டா சொன்ன வைத்தியம்:
வண்டி ஓடும்போதே
தீப்பெட்டித் துளையில் ஒரு கரண்டி மணல்.
காற்று இழுத்துக்கொண்டு போகும்,
சட்டி தேய்ப்பதுபோலத் தேய்க்கும்.
ஈரமில்லாத மணல். கல்லில்லாத மணல்.
வைகையில் எந்த மாதமும் கிடைப்பது.

பேரேட்டைப் புரட்டினேன்.
எண்ணெய், தண்ணீர், கொழுப்பு, விளக்குத்திரி,
துடைக்கும் பஞ்சு.
மணலுக்குக் கட்டம் இல்லை.
கூடைக்கு அரையணா என்று ஒச்சம்மாவிடம் பேசி
பஞ்சு என்று எழுதினேன்.

ஆறு மாதம் ஆற்றில் சலித்தாள்,
தகரத்தில் காயவைத்தாள்,
கொண்டுவந்து கொட்டினாள்.
ஆறு மாதமும் பஞ்சு, பஞ்சு, பஞ்சு.

திருச்சியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியைக் கழற்றினார்.
"எட்டு இஞ்சினைத் துடைக்க இவ்வளவா?"
"மதுரையில் தூசி ஜாஸ்தி, சார்."
மேஜைமேல் விரலை ஓட்டிப் பார்த்தார்.
அன்றைக்கென்று நான் துடைத்துவைத்திருந்தேன்.
சிவப்பு மசியில் பாதியாக்கினார்.

பங்குனி வெயிலில் போடி வண்டி
ஆண்டிப்பட்டிக் கணவாயில் மூச்சு வாங்கி நின்றது.
ஜனங்கள் இறங்கி வேலமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள்.
ஏலக்காய் மூட்டைமேல் ஒருவன் குறட்டை.
அருளப்பன் சோற்றுத் தூக்கைக் காலிசெய்து
ஓடையில் இறங்கி மணல் அள்ளிவந்து
அப்படியே, சலிக்காமல், தீயில் எறிந்தான்.
இரண்டு மணி நேரத் தாமதம்.
திருச்சிக்குத் தந்தி எழுதியவன் நான்.
கை நடுங்கத்தான் எழுதினேன்:
ஆவி குறைவு. காரணம், பஞ்சு போதாமை.

மறு தபாலில்
பஞ்சு இரண்டு மடங்கானது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு சாயங்காலம் ஆற்றில் நின்றிருந்தேன்,
அவளுக்குப் பாக்கி இரண்டணா கொடுக்க.
திண்டுக்கல் வண்டி பாலம் ஏறியது.
நடுப்பாலத்தில் அருளப்பன் கரண்டி வீசியிருக்க வேண்டும்.
புகைபோக்கி கறுப்பாய் ஒருமுறை தும்மியது.
பிறகு வெளுத்தது.
கொஞ்சம் கழித்து எங்கள்மேல் மெல்ல விழுந்தது
கறுப்பு மணல்.
என் வேட்டியில், அவள் சல்லடையில்.

சல்லடையைக் கவிழ்த்துத் தட்டினாள் ஒச்சம்மா.
"இதுக்குக் காசு வாங்கியாச்சு" என்று சொல்லி
நாலடி தள்ளிப் போய்
வேறு இடத்தில் அள்ளத் தொடங்கினாள்.