மாவா மருந்தா

கோத்தகிரி ஆஸ்பத்திரியில்
இருபத்தேழாம் எண் எனக்கு.
யோகராணி என்ற பெயரை
ஒரு கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டார்கள்.

"மூளையில் லேசாய் ஒரு வீக்கம் இருக்கலாம்.
இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது"
என்றார் டாக்டர் ஃபெபா.
வீக்கம்.
முட்டிக்கு வரும், ஈறுக்கு வரும்,
அட்டை கடித்த கணுக்காலுக்கு வரும்.
பதினோரு வருஷமாய்
கொழுப்பு, பேய், வேலையற்ற புத்தி
என்றெல்லாம் பேர் வைத்தார்கள்,
இந்தச் சொல்லை ஒருத்தரும் தரவில்லை.
அன்று பஸ்ஸில் அதைக்
கற்கண்டு மாதிரி அதக்கிக்கொண்டே வந்தேன்.

பழைய மாத்திரை அப்படியே.
கூடவே காலையும் இரவும் ஒரு வெள்ளைக் காப்ஸ்யூல்.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மாவு.
எனக்கு எதுவென்று அவருக்கும் தெரியாது.

தெரியாது என்பதைப் போயும் போயும்
கேஸ் வால்வைப் பத்தொன்பது தரம்
திருகிப் பார்ப்பவளிடம் கொடுத்தார்கள்.

ஃபாக்டரியில் இலை எடை போடுவது என் வேலை.
மூன்றாம் வாரம்
சாம்பிள் தராசில் காப்ஸ்யூலை வைத்தேன்.
எடுத்தேன். வைத்தேன்.
வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.
மூடி கழற்றி நாக்கில் தொட்டேன்,
கசக்கவுமில்லை இனிக்கவுமில்லை.
அடுத்த முறை போனபோது இதையும் சொன்னேன்.
டாக்டர் எழுதிக்கொண்டார். சிரிக்கவில்லை.

ஐந்தாம் வாரம் முட்டிவலி போன இடம் தெரியவில்லை.
அப்படியானால் மருந்துதான்.
அல்லது
உறைபனிக் காலம் முடிந்திருக்கும்.

எட்டாம் வாரம், கை கழுவும்போது
தண்ணீர் சில்லென்றிருந்தது.
இத்தனை வருஷமும் சில்லென்றுதான் இருந்திருக்கும்.
எனக்கு எண்ணிக்கை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்று கடைசி நாள்.
கேள்வித்தாளில் இருபத்தெட்டு
இருபத்துமூன்றாகியிருக்கிறது.
"ஐந்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது"
என்றபடி ஃபெபா பேனா மூடியைத் தேடினார்.
நான் சொல்கிறேன் அந்த ஐந்தை:
பூட்டை நான் இழுத்துப் பார்த்து முடிக்கும்வரை
குடையோடு நின்று தினமும் பஸ்ஸை விடுகிற செல்வநாதனுக்கு
போன வாரம் இரண்டு நாள்
ஏழேகால் வண்டியில் ஜன்னல் சீட்டு.

எல்லா ஊரிலும் எல்லோரும் முடித்த பிறகுதான்
கவரைப் பிரிப்பார்களாம்.
அடுத்த வருஷம் ஆகலாம்.

கதவைச் சாத்திவிட்டு இறங்கினோம்.
சாத்தினேனா?
திரும்பினால் மூடுபனி,
ஆஸ்பத்திரியே இல்லை அங்கே.
"போகலாமா" என்றார்.
இருங்க என்றேன்.
ஒன்று என்று தொடங்கவில்லை,
சும்மா
நின்றேன்.