கடன் வாங்கிக் கழித்தல்

பதினான்கு நிமிடம், பத்து நொடி.
சயானில் ஏறி, காதில் செருகிக் கேட்கத் தொடங்கி
குர்லா தாண்டுவதற்குள்
என் குரல் எனக்கே அலுத்துவிட்டது.

வகுப்பைப் பார்த்தபின் ஆசிரியரோடு பேசுவதைப்
பதிவு செய்து நீங்களே கேளுங்கள் என்று
மேற்பார்வையாளர்களுக்கு வந்த சுற்றறிக்கை.
வடிவு டீச்சரிடம் கேட்டுத்தான் பதிந்தேன்.
"சரிங்க மேடம்" என்றார்.
அது முதல் சரிங்க மேடம்.
மொத்தம் ஒன்பது.

தாராவி, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி,
மூன்றாம் வகுப்பு.
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போக.
"ரெண்டுல ஏழு போகாது. பக்கத்துல கடன் வாங்கு."
கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க
நான் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன்.
கரும்பலகை: நன்று.
குரல்: கேட்கிறது.
துணைக்கருவி: இல்லை.

பிறகு, பயிற்சியில் சொல்லித் தந்த வடாபாவ் முறை.
மேலே ஒரு பாராட்டு, கீழே ஒரு பாராட்டு,
நடுவில் காரம்.
பாவை ஒதுக்கிவிட்டு
மிளகாய்களை மட்டும் டீச்சர் எண்ணிக்கொண்டது
அந்தச் 'சரிங்க'க்களில் இப்போதுதான் கேட்கிறது.

ஒன்பதாவது நிமிடத்தில் மட்டும்
வேறு சொற்கள்.
"இல்ல மேடம், அந்தப் பய கேட்டானே..."
"நேரம், டீச்சர். நேரத்தைப் பாருங்க"
என்று அதன்மேல் ஏறி உட்கார்கிறது என் குரல்.

முலுண்டு வரும்வரை நான்கு முறை
அந்த இடத்தையே திருப்பிக் கேட்டேன்.
எந்தப் பய?
என்ன கேட்டான்?
நானும்தானே அந்த அறையில் இருந்தேன்.

அடுத்த வியாழன், நல்ல மழை.
தாள்களைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டேன்:
"அன்னைக்கு ஒரு பய என்னமோ கேட்டான்னு
சொல்ல வந்தீங்களே."
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மேடம்."
நான் பேசவில்லை.
பேசாமல் இருப்பது இவ்வளவு கனக்குமென்று
இருபத்தாறு வருடச் சர்வீஸில் தெரியாது.
மின்விசிறி.
படிக்கட்டில் கிச்சடி வாளி இறங்கும் சத்தம்.
ஒரு பிள்ளை இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

"இசக்கிராஜ், மேடம்.
கடன் வாங்குனா திருப்பிக் குடுக்காண்டாமான்னு கேட்டான்.
அவங்க வீட்டு வாசல்ல தினமும் வட்டிக்காரன் வந்து நிக்கான்.
நான் பதில் சொல்லல.
நீங்க உக்காந்திருந்தீங்க."

அவன் எனக்கு முன் பெஞ்சு.
பையைத் திறந்து அன்றைய தாளைத் தேடினேன்.
பதினொன்று நாற்பது. என் கையெழுத்து.
"மாணவர் இடையில் பேசுகின்றனர். ஒழுங்கில் கவனம் தேவை."

டீச்சரும் அதை வாசித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

அது கடனே இல்லை என்று சொல்ல
என்னிடம் உதாரணத்தோடு பதில் தயாராக இருந்தது.
நாக்கு நுனிவரை வந்ததை
ஆறிப்போன டீயோடு விழுங்கினேன்.
காலி சாக்பீஸ் டப்பாவை உருட்டிக்கொண்டே
அவர்தான் ஆரம்பித்தார்:
"கடன்னே சொல்லாம இருந்தா என்ன?
பத்து ரூவா நோட்ட மாத்துதோம், அவ்வளவுதான்.
அவன் காசுதானே சில்லறையா வருது.
யாருக்கும் திருப்பிக் குடுக்காண்டாம்."

"திங்கட்கிழமை பாக்க வரட்டுமா?"
வகுப்புக்குள் வர
நான் அனுமதி கேட்டது அதுவே முதல் முறை.
டப்பா இன்னும் இரண்டு சுற்று உருண்டது.
"செவ்வாய்க்கிழமை வாங்க மேடம்.
திங்கக்கிழமை நானே செஞ்சு பாத்துக்கிடுதேன்."

அன்று மதியமே, அடுத்த பள்ளியில்,
ஜெயசிங் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.
"நேரம், சார்" என்றேன்.