கேள்வி பதினாலு

போன ஏழு நாட்களில், வேலைநாள் ஒன்றில்,
சராசரியாக எவ்வளவு நேரம்
உட்கார்ந்திருந்தீர்கள்?

"எங்கீங்க உக்கார்றது"
என்கிறார் தெய்வாத்தாள்,
ஓவர்லாக் மிசினிலிருந்து காலை எடுக்காமலே.
அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு தகரக்கூரை பவர்டேபிள்.
பனியன் பிசிறு அவர் புருவத்தில்.

தினமும் ஒன்றரை ஷிப்டு.
காலை எட்டரைக்கு ஏறிய ஸ்டூல்
ராத்திரி எட்டரைக்குத்தான் இறக்கிவிடும்.
பன்னிரண்டு என்று போட்டுவிட
பேனா துடிக்கிறது.
சொன்னதை மட்டும் எழுதணும்,
நீயாக எதையும் கூட்டாதே:
பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கக்கா."

கழுத்துப்பட்டி நாலு ஓடுகிறது.
அஞ்சாவதில் நூல் அறுகிறது.
கோத்துக்கொண்டே சொல்கிறார்:
"செவ்வாக்கெழமை கரண்ட்டு போச்சுங்க.
முக்கா மணி நேரம்.
அன்னிக்குத்தான் உக்காந்தேன்."

எழுதிக்கொள்கிறேன்.
முக்கால் மணி. வாரத்துக்கு.
சராசரி போட்டால்
நிமிஷம் ஏழரை.

ஸ்டூலின் ரெக்சின் கிழிந்து
உள்ளே பஞ்சு
இரண்டு குழியாக அமுங்கிக் கிடக்கிறது.
அதைக் குறிக்கக் கட்டம் இல்லை.

"அடுத்த கேள்விங்கக்கா..."

"கேளுங்க கண்ணு.
அதென்ன அப்புடியே நிக்கறீங்க?
அந்த பண்டல் மேல
செத்த உக்காருங்க."