பதினெட்டு அங்குலம்

கமலவேணி டையிங் சைக்கிள் ஸ்டாண்டில்
நாலு மணிக்கென்று போட்ட கூட்டம்
ஐந்தேகாலுக்குத் தொடங்கியது.
தீர்மான நோட்டு என் மடியில்.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
எப்போதோ ஒருவர் சொல்லிவிட்டார்,
அன்றிலிருந்து நான்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆசைகள்.
வாலிபால் கோர்ட் என்றான் குபேந்திரன்.
வாடகை கம்மியாக ஒரு மண்டபம், ஜைனுலாபுதீன்.
ரேஷன் வரிசைக்கு நிழல் போதும்,
மண்டை பிளக்குது என்றாள் இருளாயி.
பின்னாலிருந்து யாரோ, ஒரு டாஸ்மாக்.
சிரிப்பில் அதையும் எழுதிவிட்டு அடித்தேன்.
ஒச்சம்மாள் கேட்டது ஒரு கீரைப்பாத்தி.
இருபத்திரண்டு வருஷம்
சாயத்தொட்டி ஓரத்தில் நின்றவள்,
கால்நகத்தில் இன்னும் ஊதா.

பிரிசில்லா மேடம் வரைபடத்தை விரித்தார்.
விரகனூர்க் காற்று தூக்காமலிருக்க
நாலு மூலைக்கும் செங்கல்.
பச்சையில் நடக்கலாம்.
மஞ்சளில் நடக்கலாம், பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.
சிவப்பு, தொட்டிகள் இருந்த இடம்.
குரோமியம் என்றார், ஓர் எண் சொன்னார்.
எண் எங்களுக்குப் புரியவில்லை.
போர்த் தண்ணீரில் அலசிய வேட்டி
மஞ்சளாய்க் காய்ந்தது புரியும்.

“அப்ப கீரை?”
“கீரை எல்லாத்தையும் உறிஞ்சிரும்மா.”
“நானுந்தான உறிஞ்சேன்.”
அதற்கு
வரைபடத்தில் கலர் இல்லை.

பதினெட்டு அங்குலம் வெட்டி எடுத்துவிட்டால்
புது மண் நிரப்பலாம், பிறகு எதுவும் கட்டலாம்.
நானூறு லாரி.
தீர்மானம் ஒன்று என்று எழுதி
அடிக்கோடு போடும்போது
சோணைமுத்து எழுந்தார்.
கூட்டங்களில் பேசாதவர்.
“வெட்டுற மண்ண எங்கிட்டு கொட்டுவீக?”
திருமங்கலம் தாண்டி, கைவிட்ட குவாரி ஒன்று
பரிசீலனையில் இருக்கிறது.
“அங்கன ஆளு இருக்குல்ல?”
மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்தப் பட்டறைச் சகதிய
ராத்திரியில நாந்தேன் ஏத்துனேன்.
ஒம்பது வருசம். நடைக்கு நூத்தம்பது ரூவா.
எங்கிட்டு கொட்டுனேன்னு அன்னைக்கு யாரும் கேக்கல.
ஓடைக்கரையிலதேன்.”

குபேந்திரன் வீடு ஓடைக்கரையில்.
மனையை மேடாக்கிக் கொடுத்தார்களென்று
அவன் அப்பா பெருமையாகச் சொல்வாராம்.
யாரும் அவனைப் பார்க்கவில்லை,
அதனால் எல்லோரும் பார்த்த மாதிரி இருந்தது.
எழுதவா வேண்டாமா என்று பேனா நின்றது.
“எழுது தாயி” என்றார் சோணைமுத்து,
“எம் பேரப் போட்டே எழுது.”

வெகுநேரம் கழித்து இருளாயிதான்,
“இங்கனயே கெடக்கட்டும்.
நம்ம நஞ்சு நம்ம வாசல்ல.”
முடியும் என்றார் மேடம்.
ஓடைக்கரை மண்ணையும் சேர்த்து
உள்ளேயே குவித்து, களிமண் போர்த்தி, மேலே புல்.
தோண்டக் கூடாது, எப்போதும்.
“எப்போதும்னா?” என்றார் ஜைனுலாபுதீன்.
“எப்போதும்னா எப்போதும்தான்.”

இடிந்த மதிலுக்கு அப்பால், வடக்கே
யானைமலை அந்தி வெயிலில் படுத்திருந்தது.
ஊரை அழிக்க யாரோ ஏவிய யானை, கல்லாச்சு.
பின்னாலேயே நாகம், பசு, அதுவும் இதுவும் மலையாச்சு.
அவற்றை ஏவ ஒரு எதிரி இருந்தான்.
இதை
நடைக்கு நூற்றைம்பது கொடுத்து
நாங்களே வளர்த்தோம்.
“பேரு என்ன வைக்க?” என்றது ஒரு வாண்டு.
சாயமலை என்று அதுவே சொல்லிக்கொண்டது.

மறுநாள் காலை சுண்ணாம்புக் கோடு போட்டோம்.
ஒன்பது மணிக்குள்
கோட்டுக்கு இங்கிட்டு பச்சையில்
சடுகுடு ஆரம்பமாகியிருந்தது.
தொட்டவன் அவுட், சிவப்பை மிதித்தவனும் அவுட்.

ஒச்சம்மாளுக்கு வரிசையாய் சிமெண்ட் உறைகள்,
வெளி மண் கொட்டி, அதில் கீரை.
மூன்றாவது தீர்மானம், ஒருமனதாக.
கைநாட்டு வைக்குமுன் அவள் கேட்டாள்.
“வெளி மண்ணுன்னா,
எந்த ஊரு கம்மாயில வெட்டுவீக?”

நோட்டில் அந்த வரிக்கு நேரே
இடம் விட்டு வைத்திருக்கிறேன்.